கூட வரும் விண்மீன்கள்

1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்மீனைத் தொலைநோக்கியால் கவனித்துவந்தார் ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். சயாமில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கிருந்து கிளம்பி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர் அவர். வால்மீனைத் தேடிய கண்ணில் தென்வானின் பிரகாசமான விண்மீன் ஒன்று பட்டது. தொலைநோக்கியில் அது நெருங்கி நிற்கும் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. அதுதான் அல்ஃபா சென்டாரி. மே, ஜூன் மாத முன்னிரவுகளில் தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே மின்னும். ரிஷோ கண்ட இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கிவிடும் சுற்று என்பதால், பின்வந்தவர்கள் அதன் பாதையை அளந்து காகிதத்தில் வரைந்துவிட்டார்கள்.

அதே குடும்பத்தில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு என்பது தெரியவர மேலும் 226 ஆண்டுகள் ஆயின. 1915இல் ஜோகன்னஸ்பர்க் யூனியன் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் ராபர்ட் இன்னிஸ். ஒரு காலத்தில் சிட்னியில் ஒயின் வணிகம் செய்தவர், வானியலைத் தானே கற்றுக்கொண்டவர். அல்ஃபா சென்டாரியைச் சுற்றியுள்ள வானத்தை 1910இலும் 1915இலும் எடுத்த ஒளிப்படத் தகடுகளை, ஒரே கண்வில்லையில் மாற்றி மாற்றிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார். பின்னணி விண்மீன்கள் எல்லாம் அசையாமல் நிற்க, மங்கலான ஒரு புள்ளி மட்டும் துள்ளியது. அது நகர்ந்த திசையும் அளவும் அல்ஃபா சென்டாரியின் நகர்வோடு ஏறத்தாழப் பொருந்தின. இன்று அதன் பெயர் பிராக்சிமா சென்டாரி. 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அதுவே சூரியனுக்கு மிக நெருங்கிய விண்மீன்.

வானத்தில் பிராக்சிமாவுக்கும் அதன் அண்ணன்மாருக்கும் இடையே இரண்டு பாகைக்கும் அதிகமான இடைவெளி. நான்கு முழுநிலவுகளை வரிசையாக வைக்கலாம். உண்மையான தொலைவோ சூரியனுக்கும் பூமிக்கும் உள்ளதைப் போல 13,000 மடங்கு. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவை வானியல் அலகு என்பார்கள். அந்தக் கணக்கில் நெப்டியூனே 30 அலகில்தான் இருக்கிறது. இத்தனை விலகி நிற்கும் ஒன்று சுற்றி முடிக்கப் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். அது சுற்றுவதை எவரும் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. பிறகு எதை வைத்து அதைத் துணை என்கிறோம்? இப்படி வெகுவாக விலகி நிற்கும் ‘அகன்ற இணை’களைத் தேடுவோரின் வேலை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான்.

தற்செயலும் உறவும்

இரண்டு விண்மீன்கள் அருகருகே தெரிந்தால் அவை உறவு என்று பொருளல்ல. ஒன்று பக்கத்திலும் மற்றது வெகு தொலைவிலும் ஒரே பார்வைக் கோட்டில் நிற்கலாம். 1767இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதை நிகழ்தகவுக் கணக்காகப் பார்த்தார். விண்மீன்களை வானத்தில் கண்மூடித்தனமாக இறைத்தால் எத்தனை ஜோடிகள் தற்செயலாக நெருங்கி விழும் என்று கணித்தார். நாம் காண்பது அதைவிட மிக அதிகம். கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு மீன்கள் தற்செயலாக ஒன்றுகூடியிருக்க ஐந்து லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்றது அவர் கணக்கு. ஆகவே பெரும்பாலான ஜோடிகள் இயற்கையாகவே பிணைந்தவை என்று முடிவுகட்டினார்.

வில்லியம் ஹெர்ஷல் 1779இல் இரட்டை விண்மீன்களைத் தேடத் தொடங்கியபோது அவருடைய நோக்கம் வேறு. ஜோடியில் ஒன்று அருகிலும் மற்றது தொலைவிலும் இருந்தால், பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலிருப்பது ஆண்டுதோறும் சற்றே ஆடும். அதை வைத்துத் தொலைவை அளந்துவிடலாம் என்று நம்பினார். அதாவது அவருக்குத் தேவைப்பட்டவை போலி ஜோடிகள். இருபதாண்டுக்கும் மேல் அளந்த பிறகு கிடைத்ததோ உண்மை ஜோடிகள். மிதுனத்திலுள்ள காஸ்டர் போன்றவற்றில் ஒன்று மற்றதைச் சுற்றுகிறது என்று 1803இல் அறிவித்தார். சூரியக் குடும்பத்துக்கு வெளியேயும் ஈர்ப்பு விசை ஆள்கிறது என்பதற்கு அது முதல் நேரடிச் சான்று.

ஆனால் ஹெர்ஷலின் வழி நெருங்கிய இணைகளுக்கே உதவும். சுற்று லட்சக்கணக்கான ஆண்டுகள் நீளும் இணைக்கு வேறு சாட்சி வேண்டும்.

நடையைப் பார்ப்பது

அந்தச் சாட்சி, விண்மீன்களின் சொந்த நகர்வு. நிலையானவை என்று நாம் நினைக்கும் விண்மீன்கள் ஒவ்வொன்றும் தன் வழியில் விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. அருகிலிருப்பவற்றின் நகர்வு சில ஆண்டுகளிலேயே ஒளிப்படத்தில் தெரிந்துவிடும். பிராக்சிமா ஆண்டுக்கு 3.85 வில்விநாடி நகர்கிறது. முழுநிலவின் அகலத்தைக் கடக்க அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் பத்தடி தள்ளித் தள்ளி நடந்தாலும் ஒரே வீட்டார் ஒரே பக்கம் ஒரே வேகத்தில் போவதைக் கொண்டு அவர்களை இனங்கண்டுவிடலாம். விண்மீன் கூட்டத்திலும் அடையாளம் அதுதான்.

இந்த முறையை ஒரு வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் வில்லெம் லூய்ட்டன். இன்றைய இந்தோனேசியாவின் செமராங்கில் 1899இல் பிறந்த டச்சுக்காரர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். டென்னிஸ் ஆடும்போது நேர்ந்த விபத்தில் ஒரு கண் பறிபோயிற்று. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் பல பத்தாண்டுகள் தகடுகளை ஒப்பிட்டார். பின்னாளில் தகடுகளைத் தானே வருடி அளக்கும் இயந்திரத்தையும் பயன்படுத்தினார். வேகமாக நகரும் விண்மீன்களுக்கு அவர் தயாரித்த அட்டவணைகளில் ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 59,000 விண்மீன்கள் உண்டு. ஒரே நடையுடைய ஜோடிகளுக்கென்று தனிப் பட்டியலும் வைத்திருந்தார்.

லூய்ட்டன் வானம் முழுவதையும் அலசினார். ஜார்ஜ் வான் பீஸ்புரூக் என்ற வானியலாளர் எடுத்துக்கொண்ட வழி குறுகலானது. டெக்சாஸின் மெக்டொனால்டு வானாய்வகத்தில் இருந்த 82 அங்குலத் தொலைநோக்கியை, ஏற்கெனவே தெரிந்த பக்கத்து விண்மீன்கள் மீது ஒவ்வொன்றாகத் திருப்பி, அவற்றோடு கூடவே நகரும் மங்கலான புள்ளி ஏதும் உண்டா என்று பார்த்தார். 1944இல் அப்படிக் கிடைத்தது விபி 10. நமக்கு 19 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள செங்குறுமீன் என்னும் சிறிய சிவப்பு விண்மீன் ஒன்றிலிருந்து 74 வில்விநாடி தள்ளி அது நின்றது. திணிவு சூரியனில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதுவரை அறியப்பட்ட விண்மீன்களிலேயே மிக மங்கலானது அதுதான்; 1980கள் வரை அந்த இடத்தை வேறெதுவும் பிடிக்கவில்லை.

பக்கத்து விண்மீன்களைச் சுற்றித் தேடுவதில் உள்ள ஆதாயம் இங்கே புரியும். தனியே கிடக்கும் மங்கலான புள்ளி ஒன்றைப் பார்த்தால், அது அருகிலுள்ள சிறிய விண்மீனா, தொலைவிலுள்ள பெரிய விண்மீனா என்று சொல்ல முடியாது. ஆனால் தொலைவு தெரிந்த ஒரு விண்மீனின் துணை என்று நிறுவிவிட்டால், அதன் தொலைவும் உடனே கிடைத்துவிடும். தொலைவிலிருந்து உண்மையான ஒளிர்வும் கிடைக்கும். இரண்டும் ஒரே காலத்தில் ஒரே வாயுவிலிருந்து பிறந்தவையாக இருக்கும் என்பதால், பெரியதன் வயதையும் வேதிக்கூறுகளையும் அளந்து சின்னதன் கணக்கிலும் எழுதிக்கொள்ளலாம். எளிதில் அளக்க முடியாத செங்குறுமீன்களுக்கும், விண்மீனாகும் அளவுக்குத் திணிவு எட்டாத பழுப்புக் குறுமீன்களுக்கும் இப்படிக் கிடைக்கும் துணைதான் பிறப்புச் சான்றிதழ்.

அருகில் இருப்பதன் சிக்கல்

பக்கத்து விண்மீன் என்றால் தேடுவது எளிது என்று தோன்றும். அகன்ற இணைகளில் இது தலைகீழ். 20,000 வானியல் அலகு விலகியுள்ள ஒரு துணையை எடுத்துக்கொள்வோம். அந்த இணை 326 ஒளியாண்டுத் தொலைவில் இருந்தால், இரண்டுக்கும் நடுவே வானத்தில் தெரியும் இடைவெளி முழுநிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான். 32.6 ஒளியாண்டில் இருந்தால் ஒரு முழுநிலவு அளவு. அல்ஃபா சென்டாரியின் தொலைவில் இருந்தால் நான்கு பாகைக்கும் மேல். அருகே வர வர வலையை அகலமாக வீச வேண்டும். அகலமாக வீசினால் பின்னணி விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் சிக்கும். போதாததற்கு, விண்மீன் அருகில் இருந்து இடைவெளி சில பாகைகளாக விரிந்துவிட்டால், ஒரே திசையில் போகும் இரண்டும் நம் பார்வைக் கோணத்தால் சற்றே வேறு திசைகளில் போவதாகத் தெரியும். அதைத் திருத்தாமல் ஒப்பிட்டால் உண்மையான துணையையே ஒதுக்கிவிட நேரும்.

ஃபோமல்ஹாட் இதற்கு நல்ல உதாரணம். ஐப்பசி, கார்த்திகை முன்னிரவுகளில் தென்வானில் தனியாக மின்னும் இந்த விண்மீன் 25 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதற்கு ஏறக்குறைய ஓர் ஒளியாண்டு விலகி ஒரு துணை உண்டு என்று வானியலாளர் எரிக் மமாஜெக் 2012இல் நிறுவினார். மறு ஆண்டே அவரும் சகாக்களும் மூன்றாவதையும் அறிவித்தார்கள். அது எல்பி 876-10 என்ற செங்குறுமீன். எல்பி என்ற முன்னொட்டு லூய்ட்டனின் பாலோமார் தேடலைக் குறிப்பது. அவர் பட்டியலில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த விண்மீன் அது. ஃபோமல்ஹாட்டிலிருந்து வானத்தில் கிட்டத்தட்ட ஆறு பாகை தள்ளி, வேறொரு விண்மீன் மண்டலத்தில் நின்றதால் இரண்டையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சிலியிலுள்ள 0.9 மீட்டர் தொலைநோக்கியால் அதன் தொலைவை அளந்த பிறகுதான் இரண்டும் 2.5 ஒளியாண்டு இடைவெளியில் இருப்பது தெரிந்தது. இரண்டின் வேகமும் விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் ஒத்துப்போகிறது. வழிப்போக்கான விண்மீன் ஒன்று தற்செயலாக இப்படி வந்து நிற்க லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று மதிப்பிட்டார்கள்.

கட்டுண்டதா, கடந்துபோவதா?

நடை ஒத்துப்போனாலும் கேள்வி முடிவதில்லை. ஈர்ப்பால் கட்டுண்டு சுற்றுகிறதா, அல்லது சில லட்சம் ஆண்டுகள் கூட வந்துவிட்டு விலகிப்போகும் ஒன்றா? இதைத் தீர்க்க ஒரே அளவுகோல் உண்டு. ஒன்றைச் சார்ந்து மற்றது என்ன வேகத்தில் போகிறது என்று கண்டு, அந்தத் தொலைவில் ஈர்ப்பை உதறிவிட்டு ஓடத் தேவையான விடுபடு வேகத்தோடு ஒப்பிட வேண்டும்.

சொல்வது எளிது. பிராக்சிமா நம்மைச் சார்ந்து விநாடிக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அல்ஃபா சென்டாரியும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். நமக்கு வேண்டியது இவ்விரண்டின் சின்னஞ்சிறு வித்தியாசம். வானத்தின் குறுக்கே போகும் வேகத்தைப் படங்களிலிருந்து எடுக்கலாம். நம்மை நோக்கி வரும் வேகத்தை நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அங்கே விண்மீன்களே நம்மை ஏமாற்றும். மேற்பரப்பில் கொதித்தெழும் வாயு கோடுகளை நீலப் பக்கம் தள்ளும். விண்மீனின் சொந்த ஈர்ப்பு அவற்றைச் சிவப்புப் பக்கம் இழுக்கும். விநாடிக்குச் சில நூறு மீட்டர் அளவுக்கு வரும் இந்தப் பிழைகள், தேடும் வித்தியாசத்துக்குச் சமமானவை.

பியர் கெர்வெல்லா, ஃபிரெடெரிக் தெவெனின், கிறிஸ்டோஃப் லோவிஸ் மூவரும் இவற்றைத் திருத்திக் கணக்கிட்டு 2017இல் விடை தந்தார்கள். அல்ஃபா சென்டாரியைச் சார்ந்து பிராக்சிமாவின் வேகம் விநாடிக்குச் சுமார் 273 மீட்டர். அங்கே விடுபடு வேகம் சுமார் 545 மீட்டர். ஆகவே கட்டுண்டதுதான். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5,50,000 ஆண்டுகள். பாதை நீள்வட்டம்: மிக நெருங்கும்போது 4,300 வானியல் அலகு, மிக விலகும்போது 13,000. இன்று அது விலகிய கோடியின் பக்கத்தில் இருக்கிறது. இன்னிஸ் சந்தேகித்து நூறாண்டு கழிந்த பிறகே இது உறுதியானது.

பதின்மூன்று லட்சம் இணைகள்

2013 டிசம்பர் 19 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய கயா விண்கலம் இந்தத் தொழிலின் அளவையே மாற்றிவிட்டது. ஏறக்குறைய 180 கோடி விண்மீன்களின் இடங்களைப் பதிவு செய்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தொலைவும் நகர்வும் கிடைத்தன. அந்தத் தரவிலிருந்து கரீம் எல்-பத்ரி, ஹான்ஸ்-வால்ட்டர் ரிக்ஸ், டைலர் ஹைன்ட்ஸ் ஆகியோர் 2021இல் வெளியிட்ட பட்டியலில், சூரியனிலிருந்து சுமார் 3,260 ஒளியாண்டுக்குள் 13 லட்சம் இணைகள் உள்ளன. ஒவ்வொன்றும் உண்மையான இணையாக இருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

அந்த 90 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான பகுதி. கயா அட்டவணையின் ஒரு நகலை எடுத்து, அதிலுள்ள விண்மீன்களைக் கணினியில் அரைப் பாகை அளவு இடம் மாற்றி வைத்து, அவற்றுக்கு மூல அட்டவணையில் மறுபடியும் இணை தேடினார்கள். இடம் மாற்றிய விண்மீனுக்கும் அதன் புதிய அண்டை வீட்டாருக்கும் எந்த உறவும் இருக்க முடியாது. ஆகவே இந்தத் தேடலில் அகப்படும் ஒவ்வொரு ஜோடியும் பொய் ஜோடி. எந்த இடைவெளியில், எவ்வளவு நெரிசலான வானத்தில், எத்தனை பொய் கிடைக்கிறது என்று எண்ணிவிட்டால், உண்மைப் பட்டியலில் எத்தனை பொய் கலந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். மிச்செலின் கணக்கேதான் இது, கயாவின் துல்லியத்தோடு.

ஆனாலும் கயாவின் கண்ணுக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. கண்ணைப் பறிக்கும் பிரகாசமான விண்மீன்களை அதன் கருவிகளால் சரியாக அளக்க முடியாது. அல்ஃபா சென்டாரியின் இரண்டு பெரிய விண்மீன்களும் அதன் அட்டவணையில் இல்லை. வெகு தொலைவுக்குத் துல்லியம் கூடிய பிறகும் அண்டை வீட்டுக்குப் பழைய முறைகளும் தனிக் கவனமும் தேவைப்படுகின்றன.

ஒத்த நடை உறவைக் காட்டுமே தவிர உறவின் வகையைக் காட்டாது. திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டும் அருந்ததியை எடுத்துக்கொள்ளுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டரை ஒட்டியிருக்கும் மங்கலான மீன் அது; இரண்டும் 80 ஒளியாண்டுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளன. வசிஷ்டர் நான்கு விண்மீன்களின் தொகுப்பு. அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை இருப்பது 2009இல் தெரிந்தது. ஆக ஆறு. இரண்டு தொகுப்புக்கும் இடையே 74,000 வானியல் அலகு என்று 2010இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் அதில் கூடக்குறைய 39,000 அலகு பிழை இருக்கலாம் என்பதையும் அதுவே சொன்னது. சிக்கல் என்னவென்றால், சப்தரிஷி மண்டலத்தின் பல விண்மீன்கள் ஒரே கொத்தில் பிறந்து இன்னும் ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பவை. அருந்ததியும் வசிஷ்டரும் அந்தக் கூட்டத்தின் உறுப்பினர்கள். ஒன்றையொன்று சுற்றாத உடன்பிறப்புகளாக இருந்தாலும் அவற்றின் நடை ஒத்துத்தான் போகும். கட்டுண்டவை என்ற முடிவுக்கே அந்த ஆய்வு வந்தது. ஆனால் பிராக்சிமாவுக்குக் கிடைத்த அளவுக்கு இறுக்கமான வேகக் கணக்கு இங்கே இல்லை.

உடையும் இணைகள்

இத்தனை அகன்ற இணை உருவாவதே ஒரு புதிர். விண்மீன்களைப் பெற்றெடுக்கும் வாயுத் திரட்சி ஒன்றின் அகலம் ஏறக்குறைய 20,000 வானியல் அலகுதான். அதைவிட அகன்ற இணை அதற்குள் பிறந்திருக்க முடியாது. விண்மீன்கள் சேர்ந்து பிறந்த கொத்து கலையும்போது ஒரே திசையில் வெளியேறும் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு விளக்கம். மூன்று விண்மீன்கள் நெருக்கமாகப் பிறந்து, இரண்டு இறுகிக்கொண்டு மூன்றாவதை வெகு தொலைவுக்கு உதைத்துத் தள்ளியிருக்கலாம் என்பது 2012இல் போ ரைபூர்த்தும் செப்போ மிக்கோலாவும் முன்வைத்த விளக்கம். அல்ஃபா சென்டாரியின் அமைப்பு இரண்டாவதற்குப் பொருந்துவது போலவே இருக்கிறது.

பிறந்த பிறகும் அகன்ற இணைகள் பத்திரமாக இல்லை. வழியில் கடந்துபோகும் விண்மீன்கள் ஒவ்வொன்றும் சிறிது இழுத்துவிட்டுப் போகும். பால்வீதியின் ஈர்ப்பும் தன் பங்குக்கு இழுக்கும். இடைவெளி கூடக் கூடப் பிடி தளர்ந்து, இழுப்பு பலிக்கும். எத்தனை அகன்ற இணைகள் பிழைத்திருக்கின்றன என்பதை வைத்துப் பால்வீதியின் வயதுக்கு வரம்பு கட்டலாம் என்று 1937இலேயே விக்தர் அம்பார்ட்சுமியான் வாதிட்டார்.

அதே தர்க்கம் பின்னாளில், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் இருண்ட பருப்பொருளின் மீது திரும்பியது. பால்வீதியைச் சூழ்ந்த இருண்ட பருப்பொருள் கருந்துளை போன்ற கனத்த உருண்டைகளால் ஆனதாக இருந்தால், அவை அகன்ற இணைகளை எப்போதோ உடைத்திருக்க வேண்டும். இணைகள் இன்னும் இருக்கின்றன. எனவே சூரியனைப் போல 43 மடங்குக்கு மேல் கனமான உருண்டைகள் அவ்வளவு இருக்க முடியாது என்று 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த முடிவு சார்ந்திருந்ததோ மிக அகன்ற சில இணைகளை. 2009இல் அவற்றின் வேகங்களை அளந்து பார்த்தபோது அவற்றில் ஒன்று இணையே அல்ல, தற்செயல் என்று தெரிந்தது. அந்த ஒன்றை எடுத்துவிட்டதும் வரம்பு கணிசமாகத் தளர்ந்துவிட்டது. அகன்ற இணைகளின் பட்டியலில் ஒரு பிழையான வரிக்கு இவ்வளவு விலை.

சூரியனுக்கும் இப்படி ஒரு துணை உண்டோ என்று தேடியதுண்டு. பூமியில் உயிரினங்கள் ஏறக்குறைய 2.6 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருமளவில் அழிகின்றன என்ற கருத்தை விளக்க, நெமிசிஸ் என்ற மங்கலான துணை விண்மீனை 1984இல் இரண்டு குழுக்கள் முன்வைத்தன. வைஸ் விண்கலம் அகச்சிவப்பில் வானம் முழுவதையும் அலசிய பிறகு, 26,000 வானியல் அலகு வரை வியாழன் அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ எதுவும் இல்லை என்று 2014இல் கெவின் லூமன் அறிவித்தார்.

மறைந்திருக்கும் மூன்றாமவர்

அகன்ற இணைகள் இப்போது அகப்பட்டிருக்கும் வழக்கு இன்னும் பெரியது. மிக மெல்லிய முடுக்கங்களில் நியூட்டனின் விதி மாறுகிறது என்று 1983இல் மொர்டஹாய் மில்குரோம் முன்மொழிந்தார். இருண்ட பருப்பொருளே தேவையில்லை என்பது அதன் விளைவு. சூரியனை ஒத்த விண்மீன்கள் ஏறத்தாழ 7,000 வானியல் அலகுக்கு மேல் விலகிவிட்டால் அவற்றுக்கிடையேயான ஈர்ப்பு அந்த மெல்லிய எல்லைக்குள் வந்துவிடும். ஆகவே அகன்ற இணைகள் நியூட்டன் சொல்வதைவிட வேகமாகச் சுற்றுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

2023இல் தென்கொரியாவின் கியு-ஹியுன் சே, ஆம், வேகம் கூடுதலாக இருக்கிறது என்றார். அதே காலத்தில் இந்திரநீல் பானிக்கும் சகாக்களும் நியூட்டனே சரி என்று அதற்கு நேரெதிரான முடிவை வெளியிட்டார்கள். இரு தரப்பும் பயன்படுத்தியது கயாவின் தரவைத்தான். வேறுபாட்டின் வேரில் இருப்பது நம் பழைய தலைவலி: இணையில் ஒன்றாகத் தெரியும் விண்மீனே இரண்டாக இருந்தால் என்ன செய்வது? பிரித்துக் காண முடியாத அந்த மூன்றாமவர் தன் ஜோடியை ஆட்டிவைத்து வேகத்தைக் கூட்டிக் காட்டுவார். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற அனுமானத்தை மாற்றினால் ஈர்ப்பு விதியைப் பற்றிய முடிவே மாறிவிடுகிறது.

கயா 2025 ஜனவரியில் தன் அளவீடுகளை முடித்துக்கொண்டது. அதன் நான்காவது தரவு வெளியீடு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டுள்ளது. நீண்ட கால அளவீடுகள் என்பதால் மறைந்திருக்கும் மூன்றாமவர்கள் ஏற்படுத்தும் தள்ளாட்டம் அதில் மேலும் தெளிவாகத் தெரியும். சிலியில் 2025இல் முதல் படங்களைத் தந்த வேரா ரூபின் வானாய்வகம், கயாவால் காண முடியாத மங்கலான துணைகளைத் தன் பத்தாண்டு ஆய்வில் தேடித் தரும். பட்டியல் நீளும், பொய்கள் குறையும். ஆனால் ஐந்தரை லட்சம் ஆண்டுச் சுற்றை யாரும் கண்ணால் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் இன்றைய பட்டியல்களில் ஒவ்வொரு இணையின் எதிரிலும், அது தற்செயலாக இருக்கக்கூடிய வாய்ப்பைச் சொல்லும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. விண்மீன்களின் பெயர்களைப் படிக்கும் முன் அந்த எண்ணைப் படிப்பதுதான் இந்தத் துறையின் முதல் ஒழுக்கம்.